இன்டர்செப்டருக்கு பைபாஸ் ரோட்டுப் பட்டறையில சஸ்பென்ஷன் வேலை: எந்த காசு வேலை செஞ்சுச்சு, எந்த காசு சும்மா நிக்குது

முதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன், பாதியில ஓடிப்போறவங்களுக்கு வசதியா இருக்கும். பின்னாடி ஷாக்கப்சர் ரெண்டையும் மாத்தணும்னுதான் வண்டிய மதுரை பைபாஸ் ரோட்டுப் பட்டறைக்கு கொண்டு போனேன், மாத்தவும் செஞ்சேன், ஆனா வண்டியோட குணத்தையே மாத்துனது அந்த ஷாக் இல்ல, முன்னாடி ஃபோர்க்ல, அதாவது முன் வீல புடிச்சிருக்கிற ரெண்டு குழாய்ல, நடந்த வேலையும் அதுக்கும் முன்னாடி ஒரு இஞ்ச் டேப்ப வச்சு பட்டறை அண்ணன் எடுத்த அளவும்தான். செலவுல பெரும்பங்கு பின்னாடி போச்சு, பலன்ல பெரும்பங்கு முன்னாடி வந்துச்சு. மிச்சம் எல்லாம் ஏன் எப்படிங்கிறதுதான்.

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. தினசரி திருநகர்ல இருந்து டவுனுக்குள்ள போய்ட்டு வர்றது, லீவு கெடச்சா நத்தம் வழியா சிறுமலை, இல்லன்னா வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல், எப்பவாச்சும் போடிமெட்டு. நான் ஆளு கொஞ்சம் கனம், ஜாக்கெட் ஹெல்மெட் பூட்ஸ் எல்லாம் சேர்த்தா தொண்ணூறு கிலோவுக்கு மேல வரும், இத ஏன் சொல்றேன்னா சஸ்பென்ஷன் பத்தி பேசுறவங்க யாரா இருந்தாலும் முதல்ல உங்க எடையத்தான் கேக்கணும், கேக்காம "இந்த ஷாக் போடுங்க பாஸ் சூப்பரா இருக்கும்"னு சொன்னா அந்த எடத்துல இருந்து கெளம்பிருங்க.

பிரச்சனை என்னன்னா பிரேக் புடிச்சா வண்டி மூக்கு பொசுக்குன்னு குத்தும், ஆனா சின்ன சின்ன ஒடசல் ரோட்ல மணிக்கட்டு ரெண்டும் கழண்டு போற மாதிரி அடிக்கும், மெத்துன்னும் இருக்கு ஹார்டாவும் இருக்கு ரெண்டும் ஒரே ஃபோர்க்ல எப்படிடான்னு மண்டை காய்ஞ்சது. பின்னாடி வேற கதை, ஆண்டிபட்டி கணவாய் பக்கம் அலை அலையா இருக்கிற ரோட்ல எண்பதுல போனா சீட்டு நம்மள தூக்கித் தூக்கி எறியும். இதுபோக பிரேக் போடுறப்ப ஹேண்டில்பார் வழியா "டொக்"குன்னு ஒரு சத்தம். இதுக்கு முன்னாடி இன்னொரு எடத்துல காட்டுனப்ப அவங்க பின்னாடி ப்ரீலோட, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற செட்டிங்க, அஞ்சாவது கட்டத்துக்கு ஏத்திவிட்டு "இப்ப ஸ்டிஃப்பா நிக்கும் சார், கார்னரிங்க்கு இதான் சார் செட்டிங்"ன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் தூக்கி எறியறதே அதிகமாச்சு.

பட்டறை காளவாசல்ல இருந்து பழங்காநத்தம் போற பைபாஸ் ரோட்ல ஒரு சந்துக்குள்ள இருக்கு. பேரு ஏன் போடலன்னு கேப்பீங்க. "பேரெல்லாம் போடாத தம்பி, இருக்கிற வண்டியவே பாக்க முடியல, இதுல ஸ்கூட்டிக்கு பல்பு மாட்டணும்னு வேற வந்து நிப்பாய்ங்க"ன்னு அந்த அண்ணனே சொல்லிட்டார், சரின்னு விட்டுட்டேன். பைக் குரூப்ல இருக்கிற மதுரைக்காரங்க யாரக் கேட்டாலும் கை காட்டுவாங்க. போர்டு கூட கெடையாது, வாசல்ல எப்பவும் ரெண்டு மூணு கேடிஎம்மும் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100ம் நிக்கும், அதான் அடையாளம்.

போனதும் நான் ஷாக் பிராண்டு, விலை, டெலிவரின்னு ஆரம்பிச்சேன், அவர் காதுலயே வாங்கல, டயர் காத்த செக் பண்ணார். பின் டயர்ல நாப்பதுக்கு மேல இருந்துச்சு, பங்க்ல பையன் அடிச்சுவிட்டது. மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு எறக்கிட்டு "டயரும் ஒரு ஸ்பிரிங்குதான் தம்பி, அது கல்லா இருந்தா மேல இருக்கிறவன் என்ன பண்ணுவான்"ன்னார். அடுத்து டபுள் ஸ்டாண்ட் போட்டு எஞ்சினுக்கு அடியில ஜாக் குடுத்து முன் வீலு தரையில படாம தூக்கி, ஃபோர்க் ரெண்டையும் கீழ புடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டுனார். லேசா ஆட்டம் இருந்துச்சு. அந்த "டொக்" அங்கிருந்துதான், கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற எடத்து பேரிங், லூஸு. நட்ட சரியான டைட்டுக்கு கொண்டு வந்து, ஹேண்டில்பார இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பி நடுவுல எங்கயும் கடிக்குதான்னு பாத்தார், கடிச்சா பேரிங்ல பள்ளம் விழுந்திருக்குன்னு அர்த்தம், அப்ப மாத்தித்தான் ஆகணும். என்னுதுல கடிக்கல. பின் வீல புடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்மையும் பக்கவாட்டுல ஆட்டிப் பாத்தார், அது நல்லாருந்துச்சு. இதுக்கு அவர் வாங்குனது ஒரு டீக்காசுன்னுதான் சொல்லணும், ஆனா பாதிப்பேரு வண்டியில இந்த ஒரு வேலைய பண்ணாமயே ஷாக்க மாத்திட்டு சத்தம் போகலன்னு பொலம்புறாங்க.

அப்புறம்தான் இஞ்ச் டேப்பு வெளிய வந்துச்சு. சேக் எடுக்குறதுன்னு சொல்லுவாங்க, அதாவது வண்டி நம்ம எடைக்கு எவ்வளவு அமுங்கி உக்காருதுங்கிற கணக்கு. வீலு தொங்குறப்ப பின் ஆக்சில்ல இருந்து நேர் மேல சீட்டுக்குக் கீழ ஒரு மார்க் வரைக்கும் ஒரு அளவு, வண்டி தரையில தானா நிக்கிறப்ப ஒரு அளவு, நான் முழு கியரோட ஏறி கால மேல வச்சு உக்காந்தப்ப ஒரு அளவு. கடையில இருக்கிற பையன் ஹேண்டில்பார புடிச்சுக்கிட்டான். ஒவ்வொரு தடவையும் வண்டிய கொஞ்சம் அமுக்கிவிட்டு தானா நிக்க விட்டு அளந்தார், இல்லன்னா சீல் புடிச்சுக்கிட்டு பொய்யான அளவு காட்டும்.

இந்த வண்டிக்கு பின்னாடி ஓட்டமே, அதாவது வீலு மேல கீழ போய்வர்ற தூரமே, 88 மில்லிமீட்டர்தான், முன்னாடி 110. ரோட்ல ஓட்டுறதுக்கு மொத்த ஓட்டத்துல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஆள் உக்காந்தப்ப அமுங்கணும்ங்கிறது பொதுவா எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. அப்படின்னா பின்னாடி இருபத்திரண்டுல இருந்து முப்பது மில்லிமீட்டருக்குள்ள வரணும். எனக்கு வந்தது பதினாலு. முன்னாடி முப்பத்தஞ்சு கிட்ட வரவேண்டியது, வந்தது நாப்பத்தெட்டு. அதாவது வண்டி பின்னாடி தூக்கிக்கிட்டும் முன்னாடி சாஞ்சுக்கிட்டும் போயிட்டிருக்கு, நான் அது மேல உக்காந்துக்கிட்டு ஹேண்ட்லிங் சரியில்லன்னு ஷாக்க திட்டிக்கிட்டிருக்கேன்.

இந்த அமுங்குற கணக்கு எதுக்குன்னு நிறைய பேருக்கு புரியறதில்ல, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். சஸ்பென்ஷன் மேட்டுல ஏறுறதுக்கு மட்டும் இல்ல, பள்ளத்துல வீலு எறங்குறதுக்கும்தான். வண்டி ஏற்கனவே கொஞ்சம் அமுங்கி இருந்தாத்தான் பள்ளம் வர்றப்ப வீலு கீழ போய் ரோட்ட புடிக்க எடம் இருக்கும். பதினாலு மில்லிதான் அமுங்கியிருக்குன்னா அதுக்கு மேல ஆழமா ஒரு பள்ளம் வந்தா வீலு தொங்கிரும், டயர் அந்த நேரத்துல ரோட்ட தொடல. வளைவுல சாஞ்சிருக்கிறப்ப இது நடந்தா பின்னாடி ஒரு அடி வழுக்கும், நாம டயர் சரியில்லன்னு சொல்லுவோம்.

இன்னொன்னு, ப்ரீலோட ஏத்துனா ஸ்பிரிங் ஹார்டாகுதுன்னு ஊரே நம்புது. ஸ்பிரிங் சுத்து எல்லாம் ஒரே இடைவெளியில இருக்கிற வகையா இருந்தா அது ஹார்டே ஆகாது, ஒரு மில்லி அமுக்க எத்தன கிலோ வேணுமோ அது அப்படியேதான் இருக்கும், வண்டியோட உயரம் மட்டும்தான் மாறும். சுத்து நெருக்கமும் இடைவெளியுமா மாறி மாறி வர்ற ஸ்பிரிங்னா கொஞ்சம் மாறும், அதுவும் கொஞ்சம்தான். அவர் பின்னாடி ப்ரீலோட அஞ்சுல இருந்து ரெண்டுக்கு எறக்குனார், சேக் இருபத்தி நாலுக்கு வந்துச்சு. "பின்னாடி வீட்டுக்காரங்க ஏறுனா நாலுக்கு போட்டுக்க, எறக்கிவிட்டா ரெண்டுக்கு கொண்டு வந்துரணும்"னார். அன்னைக்கு அவ்வளவுதான், போய் ஓட்டுன்னுட்டார். நான் காசோட போயிருக்கேன், அவர் ஷாக் விக்க மாட்டேங்கிறார், இப்படி ஒரு யாவாரி.

முன் ஃபோர்க்குக்கு ஸ்பிரிங் ஆர்டர் போட்டு வந்ததும் தான் ரெண்டாவது ரவுண்டு. இந்த எடத்துலதான் எனக்கு அந்த "மெத்துன்னும் ஹார்டாவும் ஒரே நேரத்துல" மர்மம் விளங்குச்சு. நம்ம ஊர் வண்டியில பெரும்பாலும் வர்ற சாதா ஃபோர்க்குக்குள்ள ஒரு ராடு இருக்கும், அதுல ஓட்டை இருக்கும், ஃபோர்க் அமுங்குறப்ப ஆயில் அந்த ஓட்டை வழியா பிதுங்கிப் போகணும், அந்த பிதுங்குற எதிர்ப்புதான் டேம்ப்பிங். ஓட்டை அளவு மாறாது. மெதுவா அமுங்குனா, அதாவது பிரேக் புடிக்கிறப்ப, ஆயில் நிம்மதியா போயிரும், எதிர்ப்பே இருக்காது, மூக்கு குத்தும். அதே ஃபோர்க் ஒரு கூரான பள்ளத்து ஓரத்துல போய் விழுந்தா வேகம் பல மடங்கு, வேகம் ரெண்டு மடங்கானா ஓட்டையில எதிர்ப்பு நாலு மடங்காகும், ஆயில் போக வழியில்லாம ஃபோர்க் கம்பி மாதிரி ஆயிரும், அடி நேரா மணிக்கட்டுக்கு வரும். அதனாலதான் ரெண்டு கொறையும் ஒரே வண்டியில. இது கம்பெனி கோளாறு இல்ல, அந்த டிசைனோட எல்லை.

இதுக்கு ஊர்ல எல்லாரும் சொல்ற வைத்தியம் கெட்டி ஆயில், "20 டபிள்யூ ஊத்துங்க தலைவா, ஜம்முன்னு நிக்கும்"பாங்க. மூக்கு குத்துறது கொஞ்சம் கொறையும் உண்மைதான், ஆனா மணிக்கட்டு அடி இன்னும் மோசமாகும், ஏன்னா அதே ஓட்டையில கெட்டி ஆயில் இன்னும் கஷ்டப்பட்டு போகணும். அண்ணன் பண்ணது நேர் எதிர், ஆயில அதே 10 டபிள்யூல வச்சுக்கிட்டு ஸ்பிரிங்க என் எடைக்கு ஏத்த மாதிரி ஒரு படி கனமானதா போட்டார். எடைய தாங்குறது ஸ்பிரிங் வேலை, ஆட்டத்த அடக்குறது ஆயில் வேலை, ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தலையில கட்டாதன்னார். கடைகள்ல மேல மாட்டியிருக்கிற டோர் க்ளோசர பாத்திருப்பீங்க, உள்ள ஸ்பிரிங் கதவ இழுக்கும், ஆயில் அத டமார்னு அடிக்காம மெதுவா விடும், அதே கதைதான்.

ஆயில் விஷயத்துல ஒரு சின்ன தகவல், காசு மிச்சப்படுத்தும். ஒரு பிராண்டு 10 டபிள்யூவும் இன்னொரு பிராண்டு 10 டபிள்யூவும் ஒண்ணு கெடையாது, ஃபோர்க் ஆயில்ல அந்த நம்பர் ஒரு பேருக்குத்தான். டப்பா பின்னாடியோ கம்பெனி டேட்டா ஷீட்லயோ 40 டிகிரியில இத்தன சென்டிஸ்டோக்குன்னு போட்டிருப்பாங்க, அதுதான் நெசமான கெட்டி அளவு. பிராண்டு மாத்துனா அத ஒப்பிட்டு வாங்குங்க.

பழைய ஆயில எறக்குனப்ப பாக்கணுமே, வெளக்கெண்ணெய் கலர்ல இருக்கவேண்டியது சாக்கடைத் தண்ணி மாதிரி கருஞ்சாம்பலா வந்துச்சு, வெயில்ல தட்டுல சாச்சுப் பாத்தா உள்ள வெள்ளிப்பொடி மின்னுச்சு, அது ஃபோர்க் குழாய் ஒரசி ஓடுற புஷ்ஷுல இருந்து தேஞ்ச உலோகம். நாத்தம் வேற. எஞ்சின் ஆயில மாத்துறோம், செயின் லூப் அடிக்கிறோம், முன்னாடி ஃபோர்க்ல ஆயில் இருக்குதுங்கிறதே பலபேருக்கு சீல் ஒழுகுனாத்தான் தெரியுது. புது சீல் போட்டார், ஃபோர்க் பைப்ப விரல் நகத்தால மேலருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தார், எங்கயாச்சும் கல்லடி பட்டு சொரசொரப்பா இருந்தா எத்தன சீல் மாத்துனாலும் ஒழுகும்.

ஆயில் ஊத்துன விதம்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. அளவு ஜாடியில இத்தன மில்லின்னு ஊத்தி முடிக்கல. ஸ்பிரிங் இல்லாம ஃபோர்க்க முழுசா அமுக்கி வச்சு, ஆயில் மட்டம் மேல் விளிம்புல இருந்து எவ்வளவு கீழ இருக்குன்னு பாத்தார். அதுக்கு அவர் வச்சிருக்கிற கருவி ஒரு பெரிய சிரிஞ்சு, மாட்டாஸ்பத்திரியில பாக்குறோமே அந்த சைஸு, அதோட மூக்குல ஒரு மெல்லிசான குழாய், குழாய்ல ஒரு வளையம் மாட்டி வேணுங்கிற ஆழத்துல ஸ்க்ரூ வச்சு இறுக்கியிருக்கார். முதல்ல கொஞ்சம் கூடுதலாவே ஊத்திட்டு, நல்லா ஏத்தி எறக்கி காத்து குமிழிய வெளியேத்திட்டு, குழாய விட்டு இழுத்தா வளையம் விளிம்புல உக்காரும், குழாய் நுனிக்கு மேல இருக்கிற ஆயில் மட்டும் சிரிஞ்சுக்குள்ள வந்துரும், காத்து உறிஞ்சுற சத்தம் வந்தா மட்டம் சரி. ரெண்டு ஃபோர்க்லயும் ஒரே மட்டம். மேல இருக்கிற அந்த காத்து எடம் கடைசி நேரத்துல இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், எடத்த கொறச்சா ஃபோர்க் கடைசி வரைக்கும் போய் முட்டுறது கொறையும், ரொம்ப கொறச்சா ஆயில் சீல் பிச்சுக்கும்.

மாட்டுறப்பவும் ஒண்ணு கவனிச்சேன். ஆக்சில் நட்ட டார்க் ரெஞ்சு வச்சு டைட் பண்ணிட்டு, பக்கத்துல ஃபோர்க் காலுல ஆக்சில கவ்விப் புடிக்கிற பிஞ்ச் போல்ட்ட லூஸாவே விட்டுட்டு, வண்டிய எறக்கி முன் பிரேக்க புடிச்சு ஃபோர்க்க நாலஞ்சு தடவ பம்ப் பண்ணி, அதுக்கப்புறம்தான் பிஞ்ச் போல்ட்ட டைட் பண்ணார். ஃபோர்க் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா செட்டாகுறதுக்கு. இத பண்ணலன்னா ஃபோர்க் உள்ள ஒரசிக்கிட்டே இருக்கும், புது ஆயில் புது சீல் எல்லாம் போட்டும் கடுசா இருக்கும். பெரிய பெரிய கண்ணாடி போட்ட சர்வீஸ் சென்டர்லயே இத பண்ணி நான் பாத்ததில்ல.

முன் சேக் இப்ப முப்பத்தாறு. ஆனா முன்னாடி உயந்து பின்னாடி ஏற்கனவே எறங்குனதால ஹேண்டில் கொஞ்சம் சோம்பேறியா ஆயிருச்சு, டவுனுக்குள்ள சிம்மக்கல் மாதிரி நெரிசல்ல வளைச்சு வளைச்சு போறதுக்கு மெதுவா திரும்புற மாதிரி ஒரு ஃபீலு. சொன்னேன். ஃபோர்க் ரெண்டையும் மேல கவ்வியிருக்கிற டிரிபிள் கிளாம்ப்ப லூஸ் பண்ணி ஃபோர்க் ரெண்டையும் ஒன்றரை நூல் மேல ஏத்துனார். நூலுன்னா தெரியும்ல, அரைக்கால் இஞ்ச், சுமாரா மூணு மில்லிமீட்டர். வெறும் நாலஞ்சு மில்லி, முன்னாடி எறங்குனதும் ஃபோர்க் சாய்வு கொஞ்சம் நிமிந்துரும், வண்டி பழையபடி சுறுசுறுப்பாயிருச்சு. இது ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும், வீலு மேல வந்து கிளாம்ப்லயோ மட்கார்ட்லயோ எங்கயும் இடிக்காதான்னு பாக்கணும், தெரியாதவங்க வீட்ல பண்ணாதீங்க.

இப்ப டெஸ்டு. நத்தம் பறக்கும் பாலம், 2023ல திறந்தாங்களே 7.3 கிலோமீட்டர், அதுல தூணுக்குத் தூண் ஜாயிண்ட் வரும், சஸ்பென்ஷனுக்கு இத விட நல்ல பரிச்சை கெடையாது, ஒரே மாதிரி அடி ஒரே இடைவெளியில ஒரே வேகத்துல. முன்னாடி ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கையில "டக்"குன்னு வந்தது இப்ப "டப்"புன்னு வருது, போகல, ஆனா மழுங்கிருச்சு. பாலம் எறங்கி நத்தம், அங்கிருந்து திண்டுக்கல் ரோடு, சிறுமலை பிரிவு, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறுறப்ப பெருசா வித்தியாசம் தெரியல. எறங்குறப்பதான் ஐயோடான்னு இருந்துச்சு. முன்னெல்லாம் எறக்கத்துல பிரேக் புடிச்சாலே ஃபோர்க்கோட பெரும்பாதி ஓட்டம் தீந்துரும், அந்த நேரத்துல வளைவுல ஒரு ஒடசல் வந்தா அமுங்க மிச்சமே இருக்காது, ஹேண்டில்பார் ஒதறும், பயத்துல லைன விட்டு வெளிய போவேன். இப்ப பிரேக்க புடிச்சுக்கிட்டே வளைவுக்குள்ள போறேன், ஃபோர்க் பாதியில நிக்குது, ஒடசல் வந்தாலும் வாங்கிக்குது. வேகமா போறேன்னு சொல்லல, அதே வேகத்துல பல்ல கடிக்காம போறேன்.

இவ்வளவும் பின்னாடி பழைய ஷாக்கோடதான், இத கவனிச்சுக்கங்க. அவர் வேணும்னேதான் தனித்தனியா பண்ணார், "ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனா எது வேலை செஞ்சதுன்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது." அதனாலதான் என்னால இப்படி பிரிச்சு எழுத முடியுது.

அப்புறமும் விடாம பின் ஷாக் வாங்குனேன், ஆசை யார விட்டுச்சு. ஓலின்ஸ் மேல கண்ணு இருந்துச்சு, 1976ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச கம்பெனி, மோட்டோஜிபில பெரும்பாலான டீம் அவங்க சாமான்தான் போடுது, ஆனா விலைய பாத்ததும் கண்ண மூடிக்கிட்டேன். நடுத்தர விலையில வர்ற இறக்குமதி ஷாக், ப்ரீலோடுக்கு மரை போட்ட காலர், கீழ ரீபவுண்ட் அட்ஜஸ்டர், இருபத்தஞ்சாயிரத்துக்கு கொஞ்சம் கீழ. மாட்டுனப்ப மறுபடி இஞ்ச் டேப்பு, மறுபடி சேக், அப்புறம் ரீபவுண்ட்.

ரீபவுண்டுன்னா அமுங்குனது எவ்வளவு வேகமா திரும்பி எழும்புதுங்கிறது. அட்ஜஸ்டர முழுசா மூடுற பக்கம் திருப்பி, அங்கிருந்து எண்ணிக்கிட்டே திறக்கணும், எப்பவும் மூடுன எடத்துல இருந்துதான் கணக்கு. ரொம்ப திறந்து விட்டா வண்டி துள்ளும், ரொம்ப மூடிட்டா இன்னொரு வேடிக்கை நடக்கும், ஷாக் ஒரு மேட்டுல அமுங்கி எழும்புறதுக்குள்ள அடுத்த மேடு வந்துரும், அப்படியே படிப்படியா அமுங்கிக்கிட்டே போய் கடைசியில ஓட்டமே இல்லாம கட்டையா நிக்கும். டோல்கேட்டுக்கு முன்னாடி வரிசையா பட்டை பட்டையா போட்டிருப்பாங்கல்ல, அதுல ஏறுனா நல்லா தெரியும், முதல் ரெண்டு பட்டை மெத்துன்னு, கடைசி ரெண்டு இடுப்புல. நிறையபேரு இத "ஷாக் ஹார்டா இருக்கு"ன்னு நெனச்சு இன்னும் மூடுவாங்க, பண்ணவேண்டியது திறக்குறது.

அண்ணன் ரெண்டு ரெண்டு கிளிக்கா மாத்தச் சொல்லி, ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்தச் சொல்லி, அத எழுதி வைக்க ஒரு தாளும் குடுத்தார். தாளுன்னா கிழிச்ச தினசரி காலண்டர், பின்பக்கம் பேனாவுல ப்ரீலோட், கிளிக், காத்து, முன்னாடி ஃபோர்க் உயரம்னு நாலு வரி, முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம். இப்பவும் சீட்டுக்கு அடியில டாக்குமெண்ட் கவர்ல அதான் இருக்கு. இத விட நல்ல சர்வீஸ் ரெக்கார்டு எனக்கு யாரும் குடுத்ததில்ல.

பலன் என்னன்னா, கணவாய் பக்கத்து அலை ரோட்ல இப்ப பின்னாடி ஒரு தடவ அமுங்கி ஒரு தடவ எழும்பி நின்னுருது. வீட்ல பின்னாடி உக்காந்து கொடைக்கானல் வந்தாங்க, வழக்கமா பெருமாள்மலை வந்ததும் எறங்கி நடக்கணும்பாங்க, இந்த தடவ கேக்கல. நல்லாருக்கு. ஆனா விலைக்கு ஏத்த நல்லாவான்னு கேட்டா, ப்ரீலோட அஞ்சுல இருந்து ரெண்டுக்கு எறக்குனப்ப காசில்லாம கெடச்ச மாற்றம் இத விட பெருசு. தனியா ஓட்டுறவங்க, வாரக்கடைசி மலை ஏறாதவங்க, பின் ஷாக்ல எண்ணெய் ஒழுகல புஷ் தேயலன்னா இந்த காசுக்கு நல்ல டயர் வாங்கிக்கலாம். முன்னாடி ஸ்பிரிங், ஆயில், சீல், கூலி எல்லாம் சேர்த்து பின் ஷாக் விலையில பாதிக்கும் கீழதான் ஆச்சு. ஸ்பிரிங் வேணாம், ஆயிலும் சீலும் மட்டும் போதும்னா மூவாயிரத்துக்குள்ள முடியும், எழுபது கிலோ ஆளுங்களுக்கு அதுவே போதும்னு தோணுது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல செவப்பு ஸ்பிரிங் போட்டு பக்கத்துல ஒரு டப்பா ஒட்டி "கேஸ் ஷாக்"னு தொங்கவிட்டிருக்கிறத பத்தி ஒரு வரி. அந்த டப்பாவுல சிலதுல ஒண்ணுமே இருக்காது, வெறும் அழகு. கையால அமுக்கிப் பாருங்க, திரும்பி வர்றப்ப எதிர்ப்பே இல்லாம சடார்னு வந்தா வச்சுட்டு வந்துருங்க.

கொறைன்னு பாத்தா இருக்கு, இல்லாம இல்ல. போன் எடுக்க மாட்டார், எடுத்தா "நாளைக்கு"ம்பார், அந்த நாளைக்கு எந்த நாளைக்குன்னு அவருக்கே தெரியாது. ஸ்பிரிங் வந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னார், நானா போய் கேட்டப்ப மேஜைக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டுறார். பில்லு கெடையாது, துண்டுச்சீட்டுல கூட்டிப்போட்டு கையில குடுப்பார், நாளைக்கு பாகத்துல ஏதாச்சும் ஆனா வாரண்டிக்கு எத காட்டுறதுங்கிறது கேள்விதான், ஷாக்குக்கு மட்டும் நான் வித்தவங்ககிட்டயே நேரா பில் வாங்கி வச்சுக்கிட்டேன். பட்டறை தெருவோரம், லாரி போனா புழுதி உள்ள வருது, ஃபோர்க்க தொறந்து வச்சிருக்கிறப்ப துணி போட்டு மூடுனார்தான், ஆனாலும் மனசு கேக்கல. உக்கார ஒரு பழைய கார் சீட்டு, அதுல எப்பவும் ஒரு பூனை. கேஸ் ஷாக்க பிரிச்சு நைட்ரஜன் ஏத்துற வசதி அவர்கிட்ட இல்ல, அந்த வேலைன்னா கோயம்புத்தூருக்கு அனுப்பணும்னார், அதையும் அவர் ஒளிக்காம முன்னாடியே சொல்லிட்டார்.

இன்னொன்னு அவர் சொல்ல மறந்தது, நான் வீட்டுக்கு வந்து பாத்தது. பின்னாடி உயரம் மாறுனா செயின் டென்ஷன் மாறும், நீங்க உக்காந்து பாத்து சரிபண்ணுங்க. ஹெட்லைட்டும் மாறும், பின்னாடி எறங்குனா முன்னாடி வெளிச்சம் மேல தூக்கும், எதிர்ல வர்றவன் ரெண்டு நாளா டிம் அடிச்சு திட்டிக்கிட்டே போனான், ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு, ஸ்க்ரூவ திருப்பி எறக்கி விட்டேன்.

போறவங்களுக்கு: டேங்க் பாதிக்கு மேல பெட்ரோல் போட்டுட்டு போங்க, வழக்கமா போடுற ஜாக்கெட் ஹெல்மெட் பூட்ஸோட போங்க, லக்கேஜ் பாக்ஸ் மாட்டித்தான் ஓட்டுவீங்கன்னா மாட்டிட்டே போங்க, அடிக்கடி ரெண்டுபேரா போறவங்க அந்த ரெண்டாவது ஆளையும் கூட்டிட்டு போங்க, இல்லன்னா அளவெடுக்க முடியாது இன்னொரு நாள் வான்னு திருப்பி அனுப்பிருவார். வாரண்டியில இருக்கிற வண்டின்னா ஷோரூம்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போறது நல்லது. காலையில பத்து பத்தரைக்கு போயிருங்க, மதியம் ஒண்ணரைக்கு சாப்பாட்டுக்கு அடைச்சா எப்ப தொறப்பார்னு அந்தப் பூனைக்குத்தான் தெரியும்.